வரிக்கு வரி

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்து என்றதும் பேக்பைப் காதில் ஒலித்திருக்கும். அதை ஓரமாக வைத்துவிடுங்கள். நான் பேச வந்தது வாத்தியமே இல்லாத பாட்டு.

வடமேற்கே லூயிஸ் தீவு. அங்கே கேலிக் மொழி பேசும் தேவாலயங்களில் நெடுங்காலம் பாடப்பட்டவை தாவீதின் சங்கீதங்கள் மட்டுமே. சங்கீதம் என்றால் இங்கே விவிலியத்துச் சங்கீதம், கச்சேரியை நினைத்துவிடாதீர்கள். ஒருவர் எழுந்து ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். சபையார் உட்கார்ந்தபடியே அதை வாங்கிப் பாடுவார்கள். எழுத்தறிவில்லாத சபைகளுக்காக 1640களில் வந்த ஏற்பாடு இது. மற்ற ஊர்கள் கைவிட்டன, கேலிக் மொழிக்காரர்கள் விடவில்லை.

பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்தோமே, அதுபோல என்று நினைக்காதீர்கள். அங்கே எல்லாரும் ஒரே குரல். இங்கே மெட்டு ஒன்றுதான், ஆனால் ஒருவர் ஒரு சுரத்தில் நின்று நெளிவார், அடுத்தவர் அதற்குள் கடந்து போயிருப்பார். சபை வரியை முடிக்கும் முன்பே முன்பாடகரின் அடுத்த வரி மேலே எழும். கேட்பவருக்கு அலைமேல் அலை. மறுபடியும் சொல்கிறேன், யாரும் யாரோடும் ஒட்டிப் பாடுவதில்லை. அழகே அதில்தான்.

எனக்குப் பிடித்த கதை ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பாடற்குழுக்கள் கிளம்பின. மெட்டைப் பழக வேண்டும்; ஆனால் புனித வார்த்தைகளைப் பயிற்சிக்காகத் திரும்பத் திரும்ப உருட்டுவது பாவம் அல்லவா? அதனால் அதே மெட்டுக்குச் சொந்தமாக வேடிக்கைச் செய்யுள் கட்டிக்கொண்டார்கள். வாரமெல்லாம் கேலியும் கிண்டலும், ஞாயிற்றுக்கிழமை தாவீது! பழகிய நாக்கு சபை நடுவே தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றும் அவர்களுக்காகப் பயப்படுகிறேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். கேலிக் பாடற்குழுக்கள் 1892 முதல் போட்டியிடும் 'மோட்' விழாவை விட்டுவிடுகிறேன். கிளாஸ்கோ ஆர்ஃபியூஸ் பாடற்குழுவை மட்டும் விட மனமில்லை. அது வானொலிக் கதை. அதன் தலைவர் ஹியூ ராபர்டன் போரை எதிர்த்தவர் என்று இரண்டாம் உலகப் போரின்போது பிபிசி அவர்களை ஒலிபரப்பாமல் நிறுத்தியது. 1941இல் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டபோது, போரை நடத்திக்கொண்டிருந்த சர்ச்சிலே, சமாதானம் பேசுபவருக்குச் சுருதி இறங்கிவிடும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை என்கிற பொருளில் பதில் சொன்னார். தடை நீங்கியது. வணக்கம்.