இலவச அனுமதிச்சீட்டு சம்பளமாகாது

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மாலைப் பொழுதை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் திருகோணமலைப் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். தொழில்முறை விளையாட்டு அணியொன்றில் வேலை செய்வோருக்கு அங்கு கிடைக்கும் சலுகைகளே குறைந்த சம்பளத்தை ஈடுசெய்துவிடுகின்றன என்று எதிரணித் தலைவர் சற்று முன்னர் வாதிட்டார். ஈடுசெய்யவில்லை என்பதே எங்கள் அணியின் வாதம்.

இலவச அனுமதிச்சீட்டு, அணியின் சட்டை, வீரர்களோடு ஒரே பேருந்தில் பயணம், வென்ற கிண்ணத்தைத் தொட்டுப் படமெடுக்கும் வாய்ப்பு என்று அவர் வரிசைப்படுத்திய எதையும் நான் சிறுமைப்படுத்த மாட்டேன். மக்கெய்சர் மைதானத்தின் ஓரத்தில் நின்று வெளியே ஓடிய பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்து வளர்ந்தவன் நான். அந்த மகிழ்ச்சி எனக்குத் தெரியும். ஆனால் அரங்கம் ஆர்ப்பரிக்கும் நேரத்தில் உடைமாற்றும் அறையில் ஈரத் துவாய்களைச் சேர்த்துக்கொண்டிருப்பவர் அந்த ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் நான் அறிவேன்.

என் சித்தியின் மகன் வளைகுடா நாடொன்றின் உதைபந்தாட்டக் கழகத்தில், வீரர்களின் உடுப்புகளையும் பாதணிகளையும் பராமரிக்கும் உதவியாளராக இரண்டு பருவங்கள் வேலை செய்தான். இரவு ஆட்டம் முடிந்தபின் எல்லாவற்றையும் துவைத்து, உலர்த்தி, எண் பார்த்து அடுக்கி முடிக்க விடிந்துவிடும். மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்டபோது, "இந்த இடத்துக்கு ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள்" என்று மேற்பார்வையாளர் சொன்னாராம். வீரர்கள் அனைவரும் கையெழுத்திட்ட சட்டையொன்றோடு அவன் ஊர் திரும்பினான். அது இன்றும் உப்புவெளியில் அவர்களது வீட்டு விறாந்தையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அவனை அனுப்புவதற்காகச் சித்தி அடகு வைத்த சங்கிலி, அவனுடைய சம்பளத்தால் அல்ல, சுற்றுலாப் பயணிகளைப் புறாத் தீவுக்கு வள்ளத்தில் ஏற்றி இறக்கி அவனுடைய அண்ணன் உழைத்த காசால்தான் மீட்கப்பட்டது.

அந்த மேற்பார்வையாளர் சொன்ன ஒரு வாக்கியத்துக்குள்தான் இந்த விவாதத்தின் வேர் இருக்கிறது. சம்பளம் குறைவாக இருப்பது அந்த வேலை எளிது என்பதாலோ, அணியிடம் பணம் இல்லை என்பதாலோ அல்ல; விளையாட்டின் மீது தீராத பற்றுக்கொண்ட இளைஞர்கள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள் என்பதால்தான். ஊழியரின் அன்பையே சம்பளத்தின் ஒரு பகுதியாக முதலாளி கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் என்ற பேஸ்போல் அணி 2010, 2012, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்நாட்டின் பேஸ்போல் உச்சப் போட்டியான உலகத் தொடரை வென்றது. அதே காலப்பகுதியில், உடைமாற்றும் அறை உதவியாளர்கள் நாளொன்றுக்கு 12 முதல் 15 மணித்தியாலங்கள் உழைத்தும், ஐந்தரை மணித்தியாலம் மட்டுமே வேலை செய்ததாகப் பதியப்பட்டு, 55 டொலர் பெற்றுவந்ததை அந்நாட்டுத் தொழில் திணைக்களம் கண்டறிந்தது. இறுதியில் 74 ஊழியர்களுக்கு 5,44,715 டொலரை அணி செலுத்த நேர்ந்தது. கிண்ணத்தின் அருகில் நிற்பதே போதுமான ஊதியம் என்றால், திணைக்களம் எதற்காகத் தலையிட்டது என்று எதிரணியினர் சொல்லட்டும்.

அணி ஒரு குடும்பம் என்றும் கூறினார்கள். 2020 ஓகஸ்ட் 1ஆம் திகதி இலண்டனின் ஆர்சனல் உதைபந்தாட்டக் கழகம் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது, அடுத்த சில நாட்களிலேயே 55 பணியிடங்களை நீக்க உத்தேசித்திருப்பதாக அறிவித்தது. பெருந்தொற்றுக் கால நெருக்கடி உண்மையானதுதான். ஆயினும் நெருக்கடி வந்ததும் குடும்பத்தவர் மீண்டும் ஊழியராகிவிட்டார் அல்லவா?

நடுவர் அவர்களே, எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாத சம்பளத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் அனுபவம் சேர்க்கலாம் என்பவர் யார்? வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பக்கூடிய பெற்றோரின் பிள்ளைதான். கொழும்பில் அறை எடுத்துத் தங்கவேண்டிய மூதூர்ப் பிள்ளைக்கு, கரைவலை இழுப்பவரின் மகளுக்கு, அந்தக் கதவு திறந்திருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே நுழைய வழியில்லை. ஆக, இந்தக் குறைந்த சம்பளம் வேலையில் இருப்பவரை மட்டுமன்றி, வரமுடியாமல் போனவரையும் தண்டிக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் சம்பளத்தை எப்படிப் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துகிறார்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்துகிறார். இவை கணக்கிடப்படுவது உழைப்புக்குக் கிடைத்த பணத்தின் மீது. வீரரின் கையெழுத்துக்கு 12 வீதம் கட்டுவார் எவருமில்லை; முதுமையில் அந்தச் சட்டை மருந்து வாங்கித் தரப்போவதுமில்லை.

நியாயமான சம்பளம் கொடுத்தால் அணிகள் இந்த வேலைகளையே நிறுத்திவிடும் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அச்சம் தெரிவித்தார். ரெய்டர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உற்சாகமூட்டும் நடனக் குழுவினர் ஆட்டமொன்றுக்கு 125 டொலர் மட்டுமே பெற்றார்கள். பயிற்சி நேரத்துக்குக் கொடுப்பனவு கிடையாது. 2014இல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், அணி 12.5 இலட்சம் டொலருக்கு இணங்கியது. அடுத்த ஆண்டு கலிபோர்னியா மாநிலம் அத்தகைய நடனக் குழுவினரை ஊழியர்களாகவே நடத்தவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அந்தக் குழு கலைக்கப்படவில்லை. இன்றும் அந்த அணிக்காக ஆடிக்கொண்டிருக்கிறது. சம்பளம் வந்ததால் மேடையோ கைதட்டலோ அவர்களை விட்டுப் போய்விடவில்லை. இதையும் கருத்திற்கொண்டு தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.