80 டோக்கனுக்கு மேல் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும் பினாங்குப் பெருமக்களே, வணக்கம்.

சொந்தத் தொழில் நடத்தும் பெண்ணை உயர்த்துவது இரவு பகல் பாராத உழைப்பா, எல்லை போடத் தெரிந்த நிதானமா? இதுதான் இன்றைய கேள்வி. நிதானமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அண்ணன், "கடிகாரத்தைப் பார்க்கிறவள் கடை நடத்த முடியாது" என்றார். நல்ல கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். அவரே பேச்சின் நடுவில் இரண்டு முறை நடுவரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நான் தையல்காரி. குளுகோரில் ஒரு பிளாட்டில், வீட்டு ஹாலிலேயே மிஷின் போட்டு ப்ளவுஸ் தைக்கிறேன். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் 11 வருடம் பேக்டரி வேலை. 1972இல் அங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. அப்புறம் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த பெண்களில் என் அம்மாவும் ஒருவர். ஆக, ஷிப்ட் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பேக்டரியில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு இருக்கும். குறித்த நாள் வந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிஷினையே நிறுத்திச் சர்வீஸ் செய்வார்கள். ஆர்டர் குவிந்திருந்தாலும் நிறுத்துவார்கள். "இந்த மிஷினுக்கு உழைப்பில் ஆர்வம் இல்லை" என்று எந்தச் சூப்பர்வைசரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நியாயம் எனக்கும் உண்டு என்று புரிய, வேலையை விட்ட பிறகும் எனக்கு ஐந்து வருடம் ஆனது.

2022 தீபாவளிக்கு வருகிறேன். எதிரணி சொல்வது போலத்தான் அந்த வருடம் உழைத்தேன். யார் துணி கொண்டு வந்தாலும் "சரிக்கா, வைத்துவிட்டுப் போங்க." பத்து வாரத்தில் 130 ப்ளவுஸ். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, இரவு இரண்டு மணிக்கு ஒரு காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் ப்ளவுஸ் துணியை எடுத்தேன். சேலையோடு சேர்ந்து வந்த துணி, கைக்கு மட்டும் ஜரிகை பார்டர். கைத்துணியை நல்ல பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் போட்டு வெட்டினால் ஒரு வலது கை, ஒரு இடது கை கிடைக்கும். தூக்கக் கலக்கத்தில் இரண்டு துண்டையும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கிவிட்டேன். காலையில் பார்த்தால் இரண்டும் இடது கை. பார்டரில் ஒரு விரற்கடை கூட மிச்சம் இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் துணியை மட்டும் தடவிக்கொண்டிருந்தேன். என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனதே தெரியவில்லை. அந்தச் சேலைக்கு ஈடாக 900 வெள்ளி, அதாவது 900 ரிங்கிட், கொடுத்தேன்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு ப்ளவுஸுக்கு 45 வெள்ளி வாங்கினேன். லைனிங், நூல், கொக்கி, கரண்டு எல்லாம் 9 வெள்ளி. மிச்சம் 36. நேரம் எவ்வளவு? "மூன்று மணி நேரம்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது மிஷினில் உட்காரும் நேரம் மட்டும். அளவு எடுப்பது, வெட்டுவது, கொக்கி கட்டுவது, "கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கலாமா" என்று வாட்ஸ்அப்பில் வரும் 14 படங்களைப் பார்ப்பது, பிடித்து விடுவது, பிரித்து விடுவது எல்லாம் சேர்த்தால் ஐந்து மணி நேரம். 36ஐ ஐந்தால் வகுத்தேன். மணிக்கு 7 வெள்ளி 20 காசு.

அந்த வருடம் மே மாதம்தான் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. மணிக்கணக்கில் 7 வெள்ளி 21 காசு. முதலாளியான நான், என் ஒரே தொழிலாளிக்கு அதை விட ஒரு காசு குறைத்துக் கொடுத்திருக்கிறேன், நடுவர் அவர்களே! புகார் கொடுக்கலாம் என்றால் யார்மீது கொடுப்பது?

2023 ஜனவரி 1ஆம் தேதி, திருத்திய வேலைச் சட்டம் நடப்புக்கு வந்தது. வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வேலை 45 ஆனது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆனது. சம்பளத்துக்குப் போகிற பெண்ணுக்குத்தான் இது. ஹாலில் மிஷின் போட்டவளுக்கும், சமையலறையில் முறுக்கு பிழிகிறவளுக்கும் அந்தச் சட்டம் வராது. வராவிட்டால் என்ன, நானே எனக்குப் போட்டுக்கொள்கிறேன் என்று தீர்மானித்தேன். 45 மணி நேரம், ஒரு ப்ளவுஸுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஒன்பது. தீபாவளிக்கு முந்தைய பத்து வாரத்தில் 90. காய்ச்சலுக்கும் திருத்தத்துக்கும் 10 கழித்தேன். ப்ளவுஸுக்கு ஒன்று என்று 80 டோக்கன். கூலி 65 வெள்ளி. கதவில் எழுதி ஒட்டினேன்.

வாடிக்கையாளர்கள் போனார்களா? போனார்கள். ஓர் ஆன்ட்டி மூன்று மாதம் கோயிலில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரியே பிரகாரம் சுற்றினார். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022இல் 130 ப்ளவுஸ், 36 வெள்ளி வீதம் 4,680. சேலைக்கு 900 போக 3,780. அடுத்த வருடம் 80 ப்ளவுஸ், 56 வெள்ளி வீதம் 4,480. ஐம்பது ப்ளவுஸ் குறைவு, 700 வெள்ளி கூடுதல். தீபாவளிக்கு முதல் நாள் என் கையால் அதிரசம் சுட்டேன். பாதி பிய்ந்துபோனது, அது வேறு விஷயம்.

எதிரணியில் பேசிய அக்கா ஊரடங்கைச் சொன்னார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இரவெல்லாம் முகக்கவசம் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண்களைச் சொன்னார். உண்மை. நானும் தைத்தேன். வெள்ளம் வந்தால் நீந்தத்தான் வேண்டும். வெள்ளம் வடிந்த பிறகும் ஹாலில் நீந்திக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் பயந்துபோகும், அக்கா. அதோடு, தொடங்கிய முதல் இரண்டு வருடம் வந்ததையெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும். பெயர் கிடைக்காதவளுக்கு எல்லை போடும் உரிமை அவ்வளவு சீக்கிரம் வராது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

நம்மவர் கடைத்தெருவான லெபு பாசாரில் தீபாவளி வாரத்தில் நள்ளிரவு வரை விளக்கு எரிகிறதே என்று கேட்டார்கள். எரிகிறது. அங்கே ஆள் மாற்றி ஆள் நிற்கிறார்கள். கடை விழித்திருக்கிறது, கடைக்காரர் முறை வைத்துத் தூங்குகிறார். என் கடையில் நான்தான் கல்லா, நான்தான் கத்தரிக்கோல், டீ போடுவதும் நான்தான்.

இன்னொரு அண்ணன் கடனைப் பற்றிப் பேசினார். 2024இல் சிறுகடன் கொடுக்கும் அமானா இக்தியார் அமைப்பு இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற திட்டத்தில் 5 கோடி வெள்ளி ஒதுக்கியதைச் சொல்லி, "வாய்ப்பு வந்திருக்கிறது, உழைத்துப் பிடித்துக்கொள்" என்றார். கடன் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. கடனில் இரண்டாவது மிஷின் வரும். அதில் உட்கார இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலி கொடுக்க வேண்டுமானால், ஒரு ப்ளவுஸுக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். தன் நேரத்துக்கு விலை போடாதவள் வாங்கும் கடன், தவணையாகத்தான் நீளும். இப்போது எதிர் வீட்டு அக்கா எனக்குக் கொக்கி கட்டித் தருகிறார். ப்ளவுஸுக்கு 6 வெள்ளி. கணக்கு தெரிந்ததால்தான் அந்த 6 வெள்ளியை யோசிக்காமல் கொடுக்க முடிகிறது.

"முடியாது என்று சொன்னால் மனிதர்கள் திரும்ப வரமாட்டார்கள்" என்பதுதான் எதிரணியின் கடைசி வாதம். கோயிலில் முகம் திருப்பிக்கொண்ட ஆன்ட்டியைச் சொன்னேன் அல்லவா? போன மாதம், இந்த வருடத் தீபாவளிக்கு டோக்கன் கொடுக்க ஆரம்பித்த அன்று காலை எட்டரை மணிக்குக் கதவைத் தட்டினார். ஒன்பது மணிக்குத்தான் கடை என்றேன். "தெரியும்மா, படியில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய டோக்கன் எண் 3. வணக்கம்.