மூன்று விருப்பு வாக்கும் ஒரு மாதக் கெடுவும்

தாய்மாரே, சகோதரிகளே, பின்வரிசையில் நிற்கும் தம்பிமாரே, வணக்கம்.

2024 நவம்பர் 14ஆம் திகதி இலங்கையில் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அதற்கு முன், செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. ஒரு பெண்கூட இல்லை. அந்த நவம்பர் தேர்தலுக்காகக் கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தின் 225 பேரில் பெண்கள் 12 பேர். 1931இல் சர்வசன வாக்குரிமை கண்ட நாடு, 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது.

பெண்கள் முன்வருவதில்லை என்று கட்சிக்காரர் சொல்லுவார்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராடக் குந்தியது ஆர்? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும். கையில் பிள்ளையின் படம், தலைக்கு மேல் ஒரு தகரக் கொட்டில். அப்படிப் போய்வந்த பெண்ணின் படலையடிக்குப் புலனாய்வாளர் வந்து, "ஆர் கூப்பிட்டது? ஆர் பஸ்சுக்குக் காசு தந்தது?" என்று விசாரிக்கிறார். பிறகு வீட்டுக்காரரே "உனக்கேன் இந்த வேலை" என்கிறார்கள். வேட்பாளர் பட்டியல் எழுதும்போது அவள் பெயர் இல்லாமல் போவது இப்படித்தான்.

உள்ளூராட்சியில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. நல்ல மாற்றம். ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஓர் ஓட்டை: 20 வீதத்துக்குக் குறைவான வாக்கும் மூன்றுக்குக் குறைவான உறுப்பினரும் பெறும் கட்சி பெண்ணை நியமிக்கத் தேவையில்லை. சிறு கட்சிகள் பல போட்டியிடும் சபையில் இந்த விலக்கே ஒதுக்கீட்டைத் தின்றுவிடும்.

பாராளுமன்றத்துக்கு அந்த ஒதுக்கீடுகூடக் கிடையாது. வன்னியை எடுங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் ஒரே தேர்தல் மாவட்டம். ஆசனம் 6, ஒரு கட்சியின் பட்டியலில் பெயர் 9. பெண்ணின் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அதன்பிறகு சொந்தக் கட்சியின் மற்ற எட்டுப் பேரோடும் அவள் விருப்பு வாக்குக்கு, அதாவது பட்டியலில் ஆர் வேண்டும் என்று வாக்காளர் தனியாகக் குறிக்கும் வாக்குக்கு, மல்லுக்கட்ட வேண்டும். மூன்று மாவட்டத்துக்கும் வாகனம், எண்ணெய், துண்டுப்பிரசுரம், இரவுக் கூட்டம், எல்லாம் அவள் தலையில். மாவட்டத்தில் வெல்லாமலே கட்சித் தலைமை ஆள் அனுப்பும் தேசியப் பட்டியலின் 29 இடத்தையும் நம்ப முடியாது. பெண்ணின் பெயர் அதில் இருந்தாலும், மாவட்டத்தில் தோற்றவரைத் தலைமை அவளுக்கு முன்னால் அனுப்பலாம். பெண்களை வெளியே நிறுத்துவதில் இந்த விருப்பு வாக்குப் பணப்போட்டிக்கே பெரிய பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனாலும் அதே விருப்பு வாக்கு உங்கள் கையில் இருக்கிறது. முதலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி. அதைப் போடாமல் இலக்கங்களை மட்டும் குறித்தால் வாக்கு முழுவதும் செல்லாது. பிறகு மூன்று வேட்பாளரின் இலக்கம் வரை குறிக்கலாம். மூன்றுக்கு மேல் போனால் கட்சி வாக்கு எண்ணப்படும், விருப்பு வாக்கு வீணாகும். தேர்தல் வந்தால் உங்கள் கட்சியில் நிற்கும் பெண்ணின் இலக்கத்தை முன்னதாகவே கேட்டு எழுதி வையுங்கள். ஒன்றையாவது அவளுக்குக் கொடுங்கள்.

பெண் வேட்பாளரின் படத்தை வெட்டி ஒட்டி இணையத்தில் அசிங்கமாகப் பரப்பினால், பதிவை அழிக்கச் சொல்லி மன்றாடுவதற்கு முன் பதிவின் இணைய முகவரியும் திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அழிந்த பிறகு சாட்சி கிடைக்காது. பிரதியோடு மாவட்டத் தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போங்கள்.

பொலிசோ படையினரோ மிரட்டினால் நாள், இடம், வாகன இலக்கம், பேசிய வார்த்தை நான்கையும் அன்றைக்கே எழுதுங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்தே பலர் இதைத் தவற விடுகிறார்கள். கொழும்புக்குப் போக வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் எழுத்தில் முறையிடுங்கள். அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.