சிஸ்டர் நான்சி ரெக்கார்டு வந்துவிட்டது!

வணக்கம் மக்களே! மூன்று வாரமாக வீடியோவுக்கு வீடியோ "இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை" என்று புலம்பினேனே, அந்த ரெக்கார்டு இன்று காலை கைக்கு வந்துவிட்டது. ஜமைக்கப் பாடகி சிஸ்டர் நான்சியின் 'ஒன் டூ'. 1982இல் வந்த ஆல்பத்தின் மறுபதிப்பு.

ஆனால் இந்த மூலையைப் பாருங்கள். கிட்டே கொண்டு வருகிறேன், தெரிகிறதா? விரல் நீளத்துக்கு மடங்கி, உள்ளே இருக்கும் வெள்ளை அட்டை தெரிகிறது. 3,400 ரூபாய் வாங்குகிறவர்களுக்குக் கெட்டியாக ஓர் அட்டை வைத்துக் கட்ட மனசு வரவில்லை. எனக்குப் பொறுக்கவே முடியவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. அதனால்தான் திருப்பி அனுப்பவில்லை. 3,400 ரூபாய்!

சரி, நான்சிக்கு வருவோம். ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்றால் தெருவில் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி விடிய விடிய பாட்டுப் போடுவது. இசை ஓட ஓட, மைக்கைப் பிடித்துச் சொல்லடுக்கிப் பாடுபவர்தான் அங்கே டீஜே. அதெல்லாம் ஆண்களின் இடமாக இருந்த காலத்தில் பதின்ம வயதிலேயே மைக்கைப் பிடித்தவர் இவர். ஆங், சொல்ல மறந்துவிட்டேன், இவருடைய அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரியும் பெரிய டீஜே. நான்சியின் இயற்பெயர் ஓஃப்லின் ரஸ்ஸல், ஊர் கிங்ஸ்டன்.

ஆல்பத்துக்கு ஒன்பது பாட்டு ஆகிவிட்டது, இன்னும் ஒன்று வேண்டும். அப்படி இடம் நிரப்பப் பாடியதுதான் 'பாம் பாம்'. பின்னால் ஓடும் இசைகூடப் புதிதில்லை. அந்தப் பின்னணி இசைக்கு அங்கே 'ரிடிம்' என்று பெயர். தயாரிப்பாளர் வின்ஸ்டன் ரைலி 1973இலிருந்தே கையில் வைத்திருந்த 'ஸ்டாலாக்' ரிடிம். ஒரே ரிடிமில் பலர் பாடுவது அங்கே வழக்கம்தான். ஆனால் அந்தக் கனத்த பேஸ் கிட்டார் ஒலி மேல் அவர் குரல் அலட்டிக்கொள்ளாமல் ஏறி உட்காருகிறது பாருங்கள், அதற்கே இந்தப் பணம் தகும்.

என் வயிறு எரிவது இதற்குத்தான்: உலகமெல்லாம் ஓடிய இந்தப் பாட்டுக்கு 32 வருடம் அவருக்கு ஒரு காசு வரவில்லை. 1996இல் அமெரிக்காவுக்குக் குடிபோய், நியூ ஜெர்சியில் ஒரு வங்கியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். 2014இல் டிவியில் ஒரு ஷூ விளம்பரம் இந்தப் பாட்டோடு ஓடியது. அப்போதுதான் வக்கீலைப் பிடித்தார். உரிமையில் பாதியும், முந்தைய 10 வருட ராயல்டியும் கிடைத்தன. அதற்கும் முந்தைய 22 வருடம்? போனது போனதுதான்.

அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2016இல் இந்தக் குரலை எடுத்துத் தன் பாட்டில் போட்டார், 2017இல் இன்னொரு ராப் பாடகர் ஜே-சீ. நறுக்கி ஒட்டிய துண்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முழுப் பாட்டைக் கேளுங்கள். ஜே-சீ ஒன்று நல்லது செய்தார், தன் பாட்டின் வீடியோவில் நான்சியையே வரவழைத்துக் காட்டினார்.

அப்புறம், போன வாரம் ரெக்கார்டு பிளேயருக்குப் புது ஊசி மாட்டினேன் இல்லையா, அதில் முதலில் ஓடியது இந்தத் தட்டுதான். பக்கத்து வீட்டில் தூங்கப் போவதற்குள் இன்னொரு முறை போட்டுவிடுகிறேன்.