வெளிநாட்டோட எம்ஓயு போட்டா ஆஸ்பத்திரிக் கருவிப் பயிற்சி வந்துடுமா?

வணக்கம். அடுத்த கேள்வி சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணே, எங்க ஊர்ல தோட்டப்புறத்துப் பிள்ளைங்களுக்கு வயரிங், ஏர்கோன் வேலை சொல்லிக் குடுக்குற சின்னப் பயிற்சி நிலையம் நடத்துறோம். இப்போ ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பராமரிக்கிற பயிற்சியும் ஆரம்பிக்க ஆசைப்படுறோம். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கூட்டுச் சேரத் தயாரா இருக்கு. அடுத்த மாசமே கையெழுத்துப் போட்டுடலாம்னு கமிட்டியில சொல்றாங்க. எதையெல்லாம் பார்க்கணும்?"

நல்ல கேள்விம்மா. கையெழுத்துப் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. அடுத்த மாசம் போடாதீங்க, அவ்வளவுதான். டேவான் மண்டபத்துல பேனர் கட்டி, மாலை போட்டு, படம் புடிச்ச எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், எத்தனையோ நான் பார்த்திருக்கேன். படம் இன்னும் சுவத்துல இருக்கு, பயிற்சியத்தான் காணோம்.

முதல்ல, படிச்சு முடிச்ச பிள்ளைக்கு யாரு வேலை குடுப்பாங்கன்னு பாருங்க. நிறையப் பேரு ஆஸ்பத்திரிதான் எடுக்கும்னு நினைக்கிறாங்க. நம்ம மலேசியாவுல அப்படி இல்ல. 1997-ல இருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில அஞ்சு வேலை குத்தகைக் கம்பெனிங்க கையில இருக்கு: கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, மருத்துவக் கழிவு, துப்புரவு, துணி வெளுக்குறது. அப்போ உங்க பிள்ளைங்களுக்கு முதலாளி அந்தக் கம்பெனி, இல்லன்னா கருவி விக்கிற ஏஜெண்டு, இல்லன்னா தனியார் ஆஸ்பத்திரி. வெளிநாட்டுக்காரங்களோட பேசுறதுக்கு முன்னாடி இவங்கள்ல ரெண்டு பேரையாவது கூப்பிட்டு உக்கார வைங்க. ஒரு டீ, ரெண்டு வடை, அதுக்கு மேல செலவில்ல.

அடுத்தது சிஜில், அதான் சான்றிதழ். வெளிநாட்டு முத்திரை போட்ட தாளை ஃபிரேம் போட்டு மாட்டலாம், ஆனா இங்க வேலை கேக்கப் போனா எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ், இருக்கான்னுதான் கேப்பாங்க. அது 2006-ஆம் வருஷத் திறன் மேம்பாட்டுச் சட்டத்துக்குக் கீழ ஜேபிகேன்னு சொல்ற திறன் மேம்பாட்டுத் துறை குடுக்குறது. நிலையத்துக்கு அவங்க அங்கீகாரம் வேணும், பாடம் அவங்க தரநிலையோட பொருந்தணும். டெக்னீஷியன் படிப்பை நாடுங்க ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்குற டப்ளின் ஒப்பந்தத்தைப் பத்தியும் சில பேரு உங்ககிட்ட பெருசாப் பேசுவாங்க. மலேசியா 2018-ல அதுல சேர்ந்தது உண்மைதான். ஆனா அது முறையா அங்கீகாரம் வாங்கின டெக்னீஷியன் படிப்புக்கு. மூணு மாசக் கோர்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஏமாந்துடாதீங்க.

இப்போ நல்ல சேதி ஒண்ணு சொல்றேன். 2010-ல மல்கின், கீன்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல இருந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 11 ஏழை நாடுகள், 60 ஆஸ்பத்திரிகள், பழுதாக் கிடந்த 2,529 கருவிகள். அதுல 72 விழுக்காட்டை வெளிநாட்டு உதிரிப்பாகம் வாங்காமயே ஓட வச்சிருக்காங்க. அதைவிட முக்கியம், 107 சின்னச் சின்னக் கைவேலை தெரிஞ்சாலே 66 விழுக்காட்டைச் சரி பண்ணிடலாம்னு கண்டுபுடிச்சாங்க. என்ன வேலைங்கன்னா, பவர் சப்ளை, சாதாரண வயரிங், குழாய் வேலை, மோட்டார், மெக்கானிக்கல், அப்புறம் கருவியை எப்படிப் பயன்படுத்துறதுன்னு நர்ஸுக்குச் சொல்லிக் குடுக்குறது. தங்கச்சி, இந்தப் பட்டியல்ல பாதிய உங்க பிள்ளைங்க இப்பவே படிக்கிறாங்களே! நீங்க ஒண்ணுமில்லாம ஆரம்பிக்கல.

ஆனா அந்த ஆய்வை அப்படியே இங்க தூக்கி வைக்கவும் கூடாது. நம்ம நாட்டுல மருத்துவக் கருவிக்குன்னு 2012-லயே தனிச் சட்டம் வந்துடுச்சு. ஓட வச்சா மட்டும் பத்தாது, பாதுகாப்பா ஓடுதுன்னு அளந்து காட்டணும். உங்க வயரிங் பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றேன். வாட்டர் ஹீட்டருக்குப் போடுற ஆர்சிசிபி, கரண்டு கசிஞ்சா தானா நிறுத்துற சுவிட்ச், 10 மில்லி ஆம்பியர் கசிஞ்சா விழும், இல்லையா? இதயத்தோட நேரடியாத் தொடுற கருவியில, சாதாரண நிலையில நோயாளிக்குப் போகலாம்னு விடுற கசிவு 10 மைக்ரோ ஆம்பியர். ஆயிரத்துல ஒரு பங்கு. வீட்டுல பழகின கை இந்த அளவுக்குப் பழகுறதுக்குத்தான் வெளி உதவி வேணும். கூட்டாளிகிட்ட கேக்க வேண்டியது இதைத்தான். ஓம்ஸ் லா மாதிரி கரண்டு அடிப்படைப் பாடம் நடத்துறதுக்கு யாரும் ஏரோப்ளேன் ஏறி வரவேண்டியதில்ல.

இந்த இடத்துல என் சொந்தக் கதை. பேரு சொல்ல மாட்டேன், நான் வேலை பார்த்த ஒரு பயிற்சி நிலையம். வெளிநாட்டுல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஆள் வந்தாங்க. அருமையான மனுஷங்க, குறையே சொல்ல முடியாது. போகும்போது சேஃப்டி அனலைசர் ஒண்ணை அன்பளிப்பா வச்சுட்டுப் போனாங்க. கசிவு அளக்குற கருவி, விலை கூடுதல். எங்களுக்குத் தலைகால் புரியல. அடுத்த வருஷம் ஆடிட் வந்த அதிகாரி கருவியைத் திருப்பிப் பார்த்தாரு. "காலிப்ரேஷன் ஸ்டிக்கர் எங்க?" அளக்குற கருவியையே வருஷா வருஷம் அளந்து வாங்கணும். அதை லேப்புக்கு அனுப்ப எங்க பட்ஜெட்டுல ஒரு வெள்ளிகூட ஒதுக்கல. அது அலமாரிக்குப் போச்சு. அடுத்த பேட்ச் பிள்ளைங்க அந்த அனலைசரை போட்டோவுலதான் பார்த்தாங்க. தப்பு வந்தவங்க மேல இல்ல. ஒப்பந்தத்துல ரெண்டாவது வருஷம்னு ஒண்ணு இருக்குறதையே நாங்க யாரும் எழுதல.

அதனால வாத்தியார் எத்தனை பேரு வருவாங்கன்னு கேக்காதீங்க. நம்ம வாத்தியார் ரெண்டு பேரை உருவாக்கித் தருவீங்களான்னு கேளுங்க. முதல் பேட்ச் அவங்க நடத்தட்டும், நம்மாளு பக்கத்துல நிக்கட்டும். ரெண்டாவது பேட்ச் நம்மாளு நடத்தட்டும், அவங்க பார்த்துத் திருத்தட்டும். மூணாவதுக்கு அவங்க வரவே வேண்டாம், போன்ல கிடைச்சா போதும். ரெண்டு தடவையும் ஒரே ஆள் வரணும், அது முக்கியம். இந்த வருஷம் ஒருத்தர், அடுத்த வருஷம் இன்னொருத்தர்னா மறுபடியும் முதல்ல இருந்து அறிமுகம்தான்.

இன்னொண்ணு. கூட்டாளின்னா ஏன் எல்லாரும் வெள்ளைக்காரன் பல்கலைக்கழகத்தையே பார்க்குறீங்கன்னு எனக்குப் புரியல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்குங்க. 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்சது. கண் கருவிகளைப் பழுது பார்க்குறதுக்குன்னே அங்க டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி உண்டு, ஆப்பிரிக்காவுல இருந்தெல்லாம் வந்து படிக்கிறாங்க. நம்ம ஆளு போனா மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாம். கண் கருவி மட்டும்தான், அது ஒரு குறை. ஆனா கருவியைக் கழட்டி மாட்டுற பழக்கமும், ரெக்கார்டு எழுதுற பழக்கமும் கையில வந்துடும். ஒரு பேராசிரியரை இங்க கொண்டாற செலவுல நம்மாளு ரெண்டு பேரை அங்க அனுப்பலாம்னு எனக்குத் தோணுது. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து கிளினிக்கல் எஞ்சினியரிங் எம்டெக் நடத்துறாங்க. அது நம்ம பிள்ளைங்களுக்கு ரொம்ப மேல. ஆனா மூணு நிறுவனம் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்குதுன்னு பார்க்க நல்ல மாதிரி: பொறியியல் ஒரு பக்கம், நோயாளி இருக்குற வார்டு இன்னொரு பக்கம், கருவி தயாரிக்கிறது வேறொரு பக்கம். உங்க கூட்டுலயும் வார்டு யாரு பக்கம்னு கேளுங்க. வார்டு இல்லாத கூட்டுல பிள்ளைங்க வெறும் பவர்பாயிண்ட்தான் பார்ப்பாங்க.

காசு விஷயம். முழுச் செலவையும் அவங்களே ஏத்துக்குறோம்னு சொன்னா பயப்படுங்க. சுங்கை சிப்புட்காரங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க தொகுதியில நின்னு ஜெயிச்ச துன் சம்பந்தன், தோட்டங்களைத் துண்டு துண்டா வித்த காலத்துல தொழிலாளிங்ககிட்ட பத்துப் பத்து வெள்ளியா சேர்த்துத்தான் கூட்டுறவுச் சங்கம் கட்டினாரு. பத்து வெள்ளி போட்டவன் கணக்குக் கேப்பான். நம்ம காசு கொஞ்சம் உள்ள இருந்தாத்தான் கமிட்டியும் கணக்குக் கேக்கும், அனலைசரும் அலமாரிக்குப் போகாது.

அப்போ அடுத்த மாசம் என்ன பண்ணலாம்? பக்கத்துல அறநிறுவனம் நடத்துற டயாலிசிஸ் நிலையம் எதாவது இருந்தா, அனுமதி கேட்டுட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தோட போங்க. ஒரு தடவை டயாலிசிஸுக்கு, நாலு மணி நேரத்துக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி ஓடணும். பம்பு, ஃபில்டர், குழாய், சுவிட்ச் போர்டு, ஏர்கோன், எல்லாம் உங்க பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச உலகம். போன ஆறு மாசத்துல எது எது நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு, யாரு வந்து சரி பண்ணாங்க, எவ்வளவு குடுத்தாங்கன்னு எழுதிட்டு வாங்க. நோயாளி பேரெல்லாம் எழுதக்கூடாது. அந்த நோட்டை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, "இதுல எதை எங்க வாத்தியாருக்குச் சொல்லிக் குடுப்பீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. ஒழுங்கா பதில் வந்தா, ஒப்பந்தத்தோட வரைவை எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்கம்மா, காலிப்ரேஷன் செலவு யாரு தலையில விழுதுன்னு பார்த்துச் சொல்றேன்.

சரி, அடுத்த கேள்வி கூலிம்ல இருந்து வந்திருக்கு.