150 குடும்பத்துக்கு செக் அனுப்பினவர் யாரு? 75 வருஷம் ஊருக்கே தெரியல!

(திரையில்: பழைய சூட்கேஸ் திறக்கிறது)

2008-ல ஒரு அம்மா, பத்திரிகையாளரான தன் மகன்கிட்ட ஒரு பழைய சூட்கேஸைக் கொடுத்தாங்க. உள்ள கட்டுக் கட்டா கடுதாசி, 1933 டிசம்பர்ல எழுதினது. எல்லாமே பி. விர்டாட்னு ஒருத்தருக்கு. கூடவே பேங்க்ல பணமாக்கி முடிஞ்ச 150 செக், ஒவ்வொண்ணும் 5 டாலர். இதுல அதிசயம் என்னன்னா, விர்டாட்னு ஒரு ஆள் பொறக்கவே இல்ல மக்களே!

பின்னணி ஒரே வரி: அமெரிக்காவுல பெருமந்தம், அதாவது பொருளாதாரமே படுத்துடுச்சு, நாலு பேர்ல ஒருத்தருக்கு வேலை இல்ல.

ஒஹாயோ மாநிலத்துல கேன்டன்னு ஒரு ஊர். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னாடி பேப்பர்ல விர்டாட் பேர்ல ஒரு விளம்பரம். கஷ்டத்தைக் கடுதாசியில எழுதினா 75 குடும்பத்துக்கு ஆளுக்கு 10 டாலர், எழுதினது யாருன்னு வெளிய வராது. வந்து குவிஞ்ச கடுதாசியைப் பார்த்துட்டு, விளம்பரம் கொடுத்தவர் அதே பணத்தை 150 குடும்பத்துக்கு அஞ்சஞ்சு டாலரா பிரிச்சுட்டார். இன்னைக்குக் கணக்குல அந்த அஞ்சு டாலர் நூறு டாலருக்கு மேல வரும்.

அந்த விளம்பரம் யாருக்காகன்னு பாருங்க. ஆபீஸ் வேலை பார்த்தவங்க, கடை வெச்சிருந்தவங்க. நம்ம ஊர்ல இவங்களுக்கு ஒரு பேர் உண்டு: வாழ்ந்து கெட்டவங்க. பெரியவங்க அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாங்க. அடுப்புல பூனை தூங்கும், ஆனா வாசல்ல கோலம் தவறாது. பக்கத்து வீட்டுல ஒரு படி அரிசி கடன் கேக்கக்கூட கால் வராது. ஒருத்தர் எழுதறார்: 26 வருஷம் கார் வியாபாரம், கிறிஸ்துமஸுக்கு ஊருக்கெல்லாம் கொடுத்த கை. இப்ப வியாபாரம், பேங்க், நிலம், இன்சூரன்ஸ் எல்லாமே போச்சு. ஏறி இறங்கினவனுக்குத்தான் ஏறி இறங்கினவன் மனசு புரியும்ங்கற மாதிரி முடிக்கறார். எனக்கு அந்த இடத்துல தொண்டை அடைச்சிடுச்சு. உங்க தெருவுலயும் இப்படி ஒரு குடும்பம் இருந்திருக்கும். கமெண்ட்ல எழுதுங்க, ஆனா பேரும் அடையாளமும் வேண்டாம்.

சரி, விர்டாட் யாரு? துணிக்கடை முதலாளி சாம் ஸ்டோன். ருமேனியாவுல பொறந்த யூதர், வறுமையில வளர்ந்தவர். பார்பரா, வர்ஜீனியா, டாரத்தின்னு மூணு பொண்ணுங்க பேரையும் வெட்டி ஒட்டி அந்தப் பேரை உண்டாக்கியிருக்கார். சூட்கேஸைக் கொடுத்த அம்மாதான் அந்த வர்ஜீனியா. மகன் டெட் கப். கேட்டவங்க பேரை மறைச்சவர், தன் பேரையும் மறைச்சார் பாருங்க, அதுதான் பெரிய மனசு. அவர் கடைக்கே சட்டை வாங்க வந்தாலும் யாரும் கூனிக் குறுக வேண்டியதில்ல.

(திரையில்: பென்சில் எழுத்து)

இது 14 வயசுப் பொண்ணு எழுதினது. பேப்பர் வாங்க வசதியில்ல, பக்கத்து வீட்டுல இரவல் கேக்கப் போன இடத்துல விளம்பரத்தைப் பார்த்திருக்கா. துணி வேணும், சில நாள் சாப்பாடும் இருக்கறதில்லன்னு எழுதியிருக்கா. 2010-ல, தொண்ணூறு வயசுல, அந்தப் பாட்டி சொன்னாங்க: ஷூ அடியில ஓட்டை, காலை உணவு வர்ற அட்டைப் பெட்டியை வெட்டி உள்ள வெச்சுத்தான் நடப்பாங்களாம். 5 டாலர் வந்ததும் கூடப் பொறந்தவங்களை வெளிய கூட்டிட்டுப் போய் சாப்பாடு வாங்கிக் கொடுத்திருக்காங்க. தனக்குப் புது ஷூ ஒரு ஜோடி.