கபரேத்தே கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய முதல் கேள்வி கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து வந்திருக்கிறது. ஒரு சகோதரி கேட்கிறார்: "டொமினிக்கன் குடியரசில் கபரேத்தே என்ற ஊருக்குப் போகலாம் என்கிறார் என் கணவர். அவருக்குக் கைட் சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடல்மேல் ஓடும் விளையாட்டு, கற்றுக்கொள்ள ஆசை. எனக்கு நீச்சல் அரைகுறை, மகளுக்கு 12 வயது. எல்லாம் அடங்கிய பெரிய ஹோட்டலில் தங்காமல் அங்கே போனால், அவர் கடலில் இருக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் என்ன செய்வது? எந்த மாதம் நல்லது? பயமில்லாமல் இருக்கலாமா?"

போங்கள் சகோதரி. தாராளமாகப் போங்கள். அந்த ஊரில் பொழுதைப் பிரித்துக் கொடுப்பது காற்று. காலைப்பொழுது உங்களுக்கும் மகளுக்கும், பகல் உங்கள் கணவருக்கு, மாலை மூவருக்கும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு போனால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பகல் 2 மணிக்குக் குளிக்கலாம் என்று துண்டோடு கரைக்குப் போகிறவர்கள்தான், இதென்ன ஊர், மணல் முகத்தில் அடிக்கிறது என்று சலித்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

ஏன் அப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன். கபரேத்தே நாட்டின் வடகரையில், புவர்ட்டோ பிளாட்டா மாகாணத்தில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வணிகக் காற்று (trade wind) என்ற நிலையான காற்று வீசும் கடல் அது. ஆனால் அந்தக் காற்று மட்டும் போதாது. ஊருக்குப் பின்னால், கரைக்கு இணையாக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. காலை வெயிலில் நிலமும் மலைச்சரிவும் சூடேற, அங்குள்ள காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே பாய்கிறது. இரண்டும் சேரும்போதுதான் பட்டத்தைத் தூக்கும் வலு வருகிறது. அதனால் விடியற்காலையில் கடல் அடங்கிக் கிடக்கும். 10, 11 மணிக்குத் தென்னை ஓலைகள் அசையத் தொடங்கும். பிற்பகலில் விரிகுடா முழுவதும் பாய்களும் பட்டங்களும்தான். மேகம் மூடி மழை பெய்த நாளில் நிலம் சூடேறாது, காற்றும் எழாது. அன்று மாலை கைட் பள்ளிக்காரர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

இனி உங்கள் காலைப்பொழுது. விரிகுடாவுக்கு வெளியே ஒரு பவளப்பாறைத் திட்டு இருக்கிறது. பெரிய அலைகளின் வேகம் அங்கேயே உடைந்துவிடுவதால் கரையோர நீர் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். அரைகுறை நீச்சல் தெரிந்தவர்கள் இடுப்பளவு நீரில் நிற்கக் காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை அருமையான நேரம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய அலை வரும் நாட்கள் உண்டு. அன்று உள்ளேயும் அலை இருக்கும், அப்போது கரையோடு நின்றுகொள்ளுங்கள்.

மகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டரில் பிளாயா என்குவென்ட்ரோ என்ற கரை இருக்கிறது. அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே பள்ளிகள் காலையிலேயே தொடங்கிவிடும், காற்று எழுந்தால் அலை கலைந்துவிடும் என்பதால். 12 வயதுப் பிள்ளை மென்பலகையில் முதல் நாளே எழுந்து நிற்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அடியில் பாறையும் கடல் முள்ளெலியும் உண்டு. ஆகவே ரப்பர் காலணி போட்டுத்தான் இறங்க வேண்டும். பள்ளிக்காரர் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கணவரின் விஷயத்துக்கு வருகிறேன். கற்றுக்கொள்ள கபரேத்தே நல்ல இடம் என்று நான் சொல்வதற்குக் காரணம், காற்று வரும் திசை. கடலைப் பார்த்து நின்றால் அது வலப்புறமிருந்து, சற்றே கரையை நோக்கிச் சாய்ந்து வீசும். தடுமாறிக் கட்டுப்பாட்டை இழந்தாலும் ஆள் நடுக்கடலுக்குப் போக மாட்டார். இடப்பக்கக் கரையில் போய் ஒதுங்குவார். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் புதியவர் ஒருவர் பட்டம் கட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், வேறுபாடு புரியும்.

கைட் பள்ளிகள் பெரும்பாலும் ஊரின் நடுக்கரையில் இல்லை. மேற்கே கைட் பீச் என்ற பகுதியில் இருக்கின்றன. நடுக்கரை, பாய் கட்டிய பலகையில் ஓடும் விண்ட்சர்ஃபிங் செய்கிறவர்களுக்கும் குளிப்பவர்களுக்கும். 1980களில் விண்ட்சர்ஃபிங் வந்துதான் இந்த மீன்பிடிக் கிராமம் உலகத்துக்குத் தெரிந்தது. பட்டங்கள் அதற்குப் பிறகு வந்தவை. உள்ளூர்ப் பிள்ளைகள் இதில் எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்றால், 2018இல் புவெனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஆண்கள் கைட்போர்டிங் தங்கத்தைப் பகிர்ந்துகொண்ட இருவரில் ஒருவர் டெயூரி கொர்னியேல், இந்த நாட்டு இளைஞர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஐ.கே.ஓ. என்ற பன்னாட்டுக் கைட் அமைப்பின் சான்று பெற்ற பயிற்றுநரா, ஒருவரிடம் எத்தனை மாணவர்கள், மீட்புப் படகு இருக்கிறதா, இந்த மூன்றையும் கேளுங்கள். புதியவர்களுக்கு வகுப்பை முற்பகலில், காற்று மென்மையாக இருக்கும்போதே வைக்கிற பள்ளி நல்ல பள்ளி. முதல் நாள் பலகையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். சிறிய பட்டத்தை வானத்தில் எந்த இடத்தில் வைத்தால் இழுக்கும், எந்த இடத்தில் அடங்கும் என்று பழக்குவார்கள். பிறகு பலகை இல்லாமல் உடலை மட்டும் நீரில் இழுத்துச் செல்லவிடுவார்கள். ஆபத்தில் பட்டத்தை உடனே கழற்றிவிடும் பிடியைக் கண்ணை மூடிக்கொண்டும் தொடும் அளவுக்குச் செய்யச் சொல்வார்கள். இவற்றில் ஒன்றைக்கூட வேண்டாம் என்று அவர் அவசரப்படக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பலகையில் எழுந்து சொந்தமாக ஓட்டப் பலருக்கு 10 மணி நேரப் பயிற்சியாவது வேண்டியிருக்கிறது, அதையும் பல நாட்களாகப் பிரித்துத்தான் எடுக்க முடியும். ஆகவே ஒரு வாரத்துக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்.

நீங்களும் மகளும் கரையிலிருந்து பார்க்கப் போவீர்கள் அல்லவா, அதற்கும் முறை இருக்கிறது. பம்பால் பட்டத்தின் முன்விளிம்பில் காற்றை அடித்து நிரப்புவார்கள். பிறகு அதை மணலில் கவிழ்த்து, பறந்துவிடாமல் மேலே இரண்டு கை மணலை அள்ளிப் போட்டு வைப்பார்கள். கயிறுகள் 20 மீட்டருக்கும் மேலாக மணலோடு மணலாக நீண்டு கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. துணைக்கு ஒருவர் பட்டத்தின் ஓரத்தைப் பிடித்து நிமிர்த்துவார். அந்தப் பக்கம் இடுப்புப் பட்டையில் கொக்கி மாட்டியவர் இரண்டடி பின்வாங்குவார், கயிறு விறைக்கும், துணி படபடப்பதை நிறுத்தும். கட்டைவிரலை உயர்த்தியதும் துணையாள் கையை விடுவார், அவ்வளவுதான், ஒரு மூச்சில் அது தலைக்கு மேல் நிற்கும். இலங்கையின் கற்பிட்டிக் கடலேரியில் இதைப் பார்த்தவர்கள் சிலர் உங்கள் உறவுகளிலேயே இருக்கக்கூடும். அந்த நேரத்தில் கயிற்றைத் தாண்டவே கூடாது, மிதிக்கவும் கூடாது. பட்டம் பறந்துகொண்டிருந்தால் அதைப் பிடித்திருப்பவரின் முதுகுப்பக்கமாக, காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். பட்டத்துக்கும் அவருக்கும் நடுவே பிள்ளையை ஓடவிடாதீர்கள். விறைத்த கயிறு கத்தி மாதிரி அறுக்கும்.

காற்று உரத்த பிற்பகல்களில் நீங்கள் இருவரும் உள்ளே போகலாம். ஊருக்குப் பின்னாலேயே எல் சோக்கோ தேசியப் பூங்கா இருக்கிறது; வழிகாட்டியோடு குகைகளுக்குள் இறங்கலாம், உள்ளே குளிர்ந்த நன்னீர்க் குளங்களும் உண்டு. ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் இம்பெர்ட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தமஹாகுவா அருவிகளுக்குப் போங்கள். மொத்தம் 27 அருவிகள். ஏறிப் போய், வரும்போது வழுக்கியும் குதித்தும் இறங்க வேண்டும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் தருவார்கள். உங்களுக்கு முதல் 7 அருவிகள் போதும், அதற்கே மகள் மகிழ்ந்துபோவாள்.

இன்னோர் இடத்தை நீங்கள் தவறவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து ஊர் சொசுவா, வேனில் சிறிது நேரம்தான். 1938இல் பிரான்ஸின் எவியானில் பல நாடுகள் கூடி, ஹிட்லரிடமிருந்து தப்பும் யூதர்களை யார் ஏற்பது என்று பேசின. பெரும்பாலான நாடுகள் கையை விரித்தபோது, ஒரு லட்சம் பேர் வரை ஏற்கிறோம் என்றது இந்தச் சிறிய நாடு. 1940 முதல் சில நூறு பேர் சொசுவாவுக்கு வந்து, கையில் கிடைத்த நிலத்தில் மாடு வளர்த்துப் பால்பண்ணை நடத்திப் பிழைத்தார்கள். அவர்களின் சிறிய தொழுகைக்கூடமும் அருங்காட்சியகமும் இன்றும் அங்கே இருக்கின்றன. இடம் கொடுத்த ஆட்சியாளர் துருஹியோ, 1937இல்தான் ஹைத்தி எல்லையில் ஆயிரக்கணக்கான ஹைத்தியர்களைக் கொன்று குவிக்க உத்தரவிட்டவர். மகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். அடைக்கலம் தேடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த ஸ்கார்பரோவில் வளரும் குழந்தைக்கு அது எளிதில் விளங்கும்.

மாலையில் காற்று தணியும். உணவகங்கள் மேசைகளை மணலுக்கே கொண்டுவந்து போடும். மீன் பிடிக்கும் என்றால் கவலையே இல்லை. சைவம் என்றால் சோறும் அவரைக் குழம்பும் எங்கும் கிடைக்கும், ஆனால் குழம்பில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காலையில் மங்கு சாப்பிட்டுப் பாருங்கள்: வாழைக்காயை அவித்து மசித்து, மேலே வதக்கிய சிவப்பு வெங்காயம் போட்டுத் தருவார்கள், நம் நாக்குக்கு ஒத்துப்போகும். விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு 18 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம்.

பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த ஊரில் நான் அஞ்சுவது திருடனுக்கு அல்ல, சாலைக்கு. மோட்டோகோஞ்சோ என்ற வாடகை மோட்டார் சைக்கிள்கள் எங்கும் நிற்கும். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தலைக்கவசம் இல்லாமல் பறப்பார்கள். குடும்பத்தோடு நீங்கள் வேனிலோ டாக்ஸியிலோ போங்கள். என்றைக்காவது பகலில் ஏறினால் இடப்பக்கமாக இறங்குங்கள். புகைக்குழாய் வலப்பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும், அங்கே கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டு வருகிற பயணிகள் ஏராளம். இருட்டிய பிறகு விளக்கில்லாத கரையில் நடக்க வேண்டாம். கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் மணலில் வைத்துவிட்டு மூவரும் கடலில் இறங்க வேண்டாம்.

மாதம் என்று பார்த்தால், உங்கள் மூவருக்கும் ஜூன் கடைசி அல்லது ஜூலை. கோடையில்தான் காற்று பெரும்பாலான நாட்களில் ஏமாற்றாமல் வரும், என்குவென்ட்ரோவில் அலையும் கற்பவர்களுக்கு ஏற்றதாக இருக்கும், மகளுக்கும் விடுமுறை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை அலை பெரியது. காற்று சில நாள் வரும், சில நாள் ஏமாற்றும். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம், காற்றும் குறைவு, புயல் காலமும் கூட.

டொராண்டோவிலிருந்து புவர்ட்டோ பிளாட்டாவுக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, சுமார் 4 மணி நேரம். விமான நிலையத்திலிருந்து கபரேத்தே காரில் அரை மணி நேரத்துக்குள். கனடியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா வேண்டாம். யாராவது இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், செல்லுபடியாகும் கனடிய வதிவிட அட்டை அல்லது விசாவை மறக்காமல் எடுத்து வரட்டும். பயணத்துக்கு முன் இ-டிக்கெட் என்ற படிவத்தை அரசின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல. நிரப்பியதும் வரும் கியூஆர் குறியைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் இணையம் கிடைக்காவிட்டாலும் காட்டலாம்.